பருமுகத்தோடு பரு மருந்து விற்றவன்

பரு மருந்து விற்கிறவனுக்கு முகத்தில் பரு இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. வேலைக்குச் சேரும்போது அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முகப்பரு கண்டவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். கலியாண வீட்டில் போட்டோ பிடிக்கிறவர் வந்ததும் உயரமான சித்தப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பீர்கள். உங்களைக் கண்டவர்கள் எல்லாம் சுகம் விசாரிக்க முந்தி ஒரு கைமருந்து சொல்லியிருப்பார்கள். நானும் உங்கள் கூட்டத்து ஆள்தான் என்பதால் வெட்கப்படாமல் வாசிக்கலாம்.

இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இருந்த ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எங்கள் டொக்டர் காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் பார்ப்பவர்தான். ஆனால் சுற்றியிருந்த சந்துகள், ஒழுங்கைகள் முழுக்கச் சம்மறிகள். கலியாணமாகாத கிளாக்கர்மார் கூட்டாக வீடெடுத்து, கூட்டாகச் சமைத்து, கூட்டாகச் சண்டை பிடிக்கும் வீட்டுக்கு அந்தப் பெயர். யாழ்ப்பாணத்துப் பருவெல்லாம் உத்தியோகம் பார்க்க வந்து அங்கேதான் குடியிருந்தது. ஆகவே டொக்டர் பருவுக்கும் பேர் போனவராகிவிட்டார். கந்தகமும் சலிசிலிக் அமிலமும் சேர்ந்த ஒரு லோஷன் அவருடைய பெருமை. குலுக்கிப் பூச வேண்டும். பூசினால் எரியும்.

நான் வேலைக்கு வந்து கொஞ்ச நாளில் டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். வெளியே ஒரு கிளாக்கர் லோஷன் போத்தலையும் என் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிறகு வாறன் என்று போயிருந்தார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, பொங்கலுக்குள்ளை உம்மட முகத்தைச் சரிக்கட்டும். இல்லாட்டி முன்னுக்கு வேறை ஆளைத்தான் நிப்பாட்டவேணும்."

வேலை போனால் ஊரில் எனக்காகக் காத்திருந்தது அப்பாவின் சுருட்டுக் கொட்டில். புகையிலை நனைத்து வாழ்க்கையை ஓட்ட மாட்டேன் என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டுவிட்டு றெயிலேறியவன் நான். அதே ஊருக்குப் பருவோடு திரும்பிப் போவதை நினைக்கவே முடியவில்லை.

மணம்

அன்று தொடக்கம் டிஸ்பென்சரியில் இருந்த வைத்தியம் அத்தனையும் என் முகத்தில் இறங்கியது. இரவில் கந்தக லோஷன். காலையில் சுடுதண்ணீரும் சோப்பும். இரத்தம் சுத்தமாகட்டும் என்று ஒருவர் சொல்லப் பேதியுப்பு குடித்தேன். இரத்தத்துக்கு என்ன நடந்ததோ தெரியாது, எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாகியது. ஈஸ்ட் நல்லது என்று டொக்டரின் புத்தகம் ஒன்றில் கிடந்ததால் பேக்கரியில் வாங்கித் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். வயிறு பாண் மாதிரிப் பொங்கியது. பரு அப்படியே இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டொக்டர், லோஷனைத் தவிர மற்றதை எல்லாம் விடச் சொன்னார். "இது மாதக் கணக்கு வேலை. பூசும், கழுவும், கிள்ளாமல் கையை வைச்சுக்கொண்டு இரும்" என்றார். மற்ற இரண்டும் சுலபம். கையை வைத்துக்கொண்டு இருப்பதுதான் பெரும்பாடு. இதை வாசிக்கும்போதே உங்களில் சிலரின் விரல் நாடிக்குப் போயிருக்கும், எடுங்கள்.

நான் இருந்த சம்மறியில் ஒரே அறையில் மூன்று பாய்கள். கந்தகம் எப்படி மணக்கும் என்று தெரியாதவர்கள் கூழ்முட்டையை நினைத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பாய்க்காரர் தபால் கந்தோரில் வேலை செய்பவர், பொறுமைசாலி. ஒரு மாதம் பொறுத்தார். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "அழகு உமக்கு, மணம் எங்களுக்கு. இது என்ன நியாயம்?"

துக்கம் விசாரித்தல்

நெற்றி நிறையப் பருப்போட்ட ஒரு கிளாக்கர் வந்தார். பெயர் கணேசு. தலையில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, வழிந்து புருவம் வரைக்கும் வந்து நின்றது. டொக்டர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: எண்ணெய்தான் காரணம், தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, நாடியில் உடைந்த பரு ஆறும்வரை சவரமும் செய்யக் கூடாது. நான் லோஷன் கலக்கிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கணேசு வந்தபோது நெற்றி வெளித்திருந்தது. ஆனால் ஆள் கலங்கிப்போயிருந்தார். எண்ணெய் காணாத தலையும் நாலு நாள் தாடியுமாகக் கோட்டையில் இருக்கும் கந்தோருக்குப் போனாராம். பக்கத்து மேசைத் தமிழ்க் கிளாக்கர் ஒருவர் பார்த்திருக்கிறார். தமிழன் தலையில் எண்ணெயில்லை, முகத்தில் சவரமில்லை என்றால் வீட்டில் செத்தவீடு என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் போய்ச் சிங்களப் பெரிய கிளாக்கரிடம் காதோடு சொல்ல, அந்த மனுஷன் எழும்பி வந்து கணேசுவின் தோளைப் பிடித்து, "அனே, அம்மாத?" என்று, அதாவது ஐயோ, அம்மாவா என்று கேட்டாராம். பருவென்று சொல்ல வெட்கப்பட்டுக் கணேசு தலையைக் குனிந்தார். குனிந்ததை ஆம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு கிழமை லீவு கொடுத்து, கந்தோரில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு மலர்வளையத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். இனி உண்மை சொன்னால் வேலை போகும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அந்தாள் மட்டும் சிரிக்கவில்லை. புதுப் போத்தலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "பரு போகுது, லீவும் கிடைச்சுது. அம்மாவுக்குத்தான் இன்னும் அறிவிக்கேல்லை."

கடன் வாங்கிய முகம்

கிராண்ட்பாஸில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி தன் மகளுக்கு மருந்து கேட்டு வந்தார். நிக்காஹ் பேசியிருக்கிறார்கள், பிள்ளைக்கு முகம் நிறையப் பரு. டொக்டர் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார். முதலாளி தலையை ஆட்டினார். "அது ஏலா டொக்டர். நிக்காஹ் முடியிற வரைக்கும் புள்ள வெளிய வாரதில்ல." பார்க்காமல் மருந்து தர மாட்டேன் என்றார் டொக்டர். இருவரும் மரியாதையாகப் பிடிவாதம் பிடித்தார்கள்.

அடுத்த முறை முதலாளி தன் மூத்த மகனோடு வந்தார். கடையில் நிற்கும் வாட்டசாட்டமான இளைஞன், முகம் முழுக்கக் கரும்புள்ளி. எனக்கு அவன்மேல் உடனே பாசம் வந்துவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் பருவே இல்லை, எல்லாம் கண்ணுக்கிடும் சுர்மா மை. தங்கச்சியை முன்னால் இருத்தி, அவள் முகத்தில் எங்கெங்கே பரு உண்டோ அங்கங்கே இவன் முகத்தில் தாய் புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறார். டொக்டர் சிரிக்காமல் பூதக்கண்ணாடியை எடுத்தார். சீழ் வைத்தது எது என்று கேட்டார். "வட்டம் போட்டிருக்கிறது டொக்டர்" என்றான் அண்ணன், மிகவும் பணிவாக. முதுகிலும் இருக்கிறதா என்று கேட்டதும் சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

மருந்து போனது. மாதத்துக்கு ஒருமுறை அண்ணன் புதுப் புள்ளிகளோடு வந்துபோனான். ஒவ்வொரு தடவையும் புள்ளி குறைந்தது. எனக்கு வயிறெரிந்தது என்பதை மறைக்க மாட்டேன். முகத்தைக் காட்டாத ஒருத்திக்குச் சுகமாகிக்கொண்டு வருகிறது. ஒரு நாளும் பருவே வராத ஒருவன் சுகமாகிக்கொண்டு வருகிறான். மருந்து கலக்கிறவன் அப்படியே நிற்கிறான். கடைசியாக வந்தபோது மூக்கோரம் ஒரே ஒரு புள்ளிதான். முதலாளி கற்கண்டுப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துச் சொன்னார்: "நல்ல மருந்து டொக்டர். முந்தி இவன்ட முகத்தக் கழுவ அர நாள் போகும், இப்ப ஒரு கைத் தண்ணி போதும்."

பட்டாளத்துப் பரு

ஒரு மத்தியானம் கொழும்பில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஒரு சார்ஜன்ட் வந்தார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சாம்ராச்சியத்தையே கட்டி ஆள்கிறவர்களுக்கு நாடியில் பரு வரும் என்று நான் அதுவரை நினைத்திருக்கவில்லை. அதுவும் வெள்ளைத் தோலில் வந்தால் தூரத்திலிருந்தே தெரிகிறது. முப்பது தாண்டிய வயது, வேர்வையும் தொப்பிப் பட்டியும் சேர்ந்து நாடியைப் புண்ணாக்கியிருந்தன. பட்டாளத்தில் டொக்டர் இல்லையா என்று எங்கள் டொக்டர் கேட்டார். அதற்கு அவர் ஆங்கிலத்தில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்: "பெரியவனானால் போய்விடும் என்கிறார் எங்கள் டொக்டர். நான் இரண்டு தரம் பதவி உயர்ந்துவிட்டேன்."

ரீச்சர்

கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர். வயது நாற்பதுக்கு மேல், கலியாணம் கட்டாதவர். நாடியிலும் தாடை ஓரத்திலும் பெரிய பெரிய பருக்கள், அமத்தினால் நோகும் வகை. இருபது வயதுப் பருவுக்கு உலகம் சிரிக்கும். நாற்பது வயதுப் பருவை நம்பக்கூட மாட்டாது. அவர் பார்த்த வைத்தியர்கள் எல்லாரும், அதில் ஒருவர் ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டராம், ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: கலியாணம் கட்டினால் சரிவரும். எங்கள் டொக்டரும் அதற்குத்தான் வாயெடுத்தார். ரீச்சர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அந்த நாட்களில் நான் ஒரு தட்டிக்குப் பின்னால் நின்றுதான் மருந்து கலக்குவேன். அது டொக்டரின் ஏற்பாடு. போத்தலைக் கொடுக்கக் கை மட்டும் வெளியே வரும். ரீச்சர் கையை விட்டுவிட்டுத் தட்டியைச் சுற்றி வந்து என் முகத்தைப் பார்த்தார். படிக்காத பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"இதை நீர் பூசுறனீரோ?"

"ஓம் ரீச்சர்."

"எரியுமோ?"

"முதல் கிழமை நல்லா எரியும். தோல் உரியும். பயந்து விட்டிடாதேங்கோ. ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் தாங்கலாம்."

"போகுமோ?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் அது வெளியே வரவில்லை. "எனக்குப் பாதி போட்டுது. கை வைச்சால் திரும்பி வருது" என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் டொக்டர் இருமினார். ரீச்சர் போத்தலை வாங்கி, குடைத்துணிப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "பாதி போனாலும் போதும். முழுக்கப் போகும் எண்டு சொன்னவங்களிட்டை நான் இருபது வருஷம் போய்வந்தனான்."

இரண்டு கிறீம் மாப்பிள்ளை

இனி என் வேலைக்கு உலை வைத்த கதை. பாங்கில் வேலை செய்த ஒரு மாப்பிள்ளை எங்கள் லோஷனைப் பூசி வந்தார். பெண் வீட்டார் பார்க்க வரும் நாள் நெருங்கியது. ஒரு காலை அவர் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு ஓடிவந்தார். துவாயை எடுத்தால் கன்னமெல்லாம் மிளகு தூவின மாதிரிக் கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள். எனக்கு, லோஷனில் எதையாவது மாற்றிக் கலந்துவிட்டேனோ என்று பயம்.

டொக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: வேறு என்ன பூசுகிறீர்? மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சீமைக் கிறீம் டப்பியை எடுத்தார். பெட்டாக் கடைத்தெருவில் வாங்கியதாம், முகம் வெளுக்கவாம். பகலில் அது, இரவில் எங்களுடையது. அந்தக் கிறீமில் இருப்பது பாதரசம். பாதரசமும் கந்தகமும் தோலில் சந்தித்தால் கறுத்துப்போகும். வெளுக்கப் போனவர் கறுத்து வந்திருந்தார். இரண்டையும் நிறுத்தி, சோப்பால் மெதுவாகக் கழுவிவர நாளடைவில் போய்விடும், பயமில்லை, ஆனால் அந்த டப்பியை இனித் தொடவே வேண்டாம் என்றார் டொக்டர். நாளடைவில் என்ற சொல்லைக் கேட்டதும் மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடு அவர் யாரையாவது பிழை சொல்லியாக வேண்டும். டொக்டரைச் சொல்ல முடியாது. தன்னைச் சொல்ல மனமில்லை. தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். டிஸ்பென்சரி முழுக்கக் கேட்கச் சொன்னார்: "உம்மட முகத்தைக் கண்ட அண்டைக்கே நான் திரும்பிப் போயிருக்கவேணும்."

உரித்த முட்டை

பொங்கல் வந்தது. என் முகம் முக்கால்வாசி சரிவந்திருந்தாலும் மாப்பிள்ளை போட்ட சத்தம் டொக்டரின் காதில் இருந்தது. முன்னால் அவருடைய மைத்துனர் முறையான ஒரு இளைஞர் வந்து நின்றார். உரித்த முட்டை போல முகம். நான் பின்னறையில் போத்தல் கழுவினேன். அப்பாவுக்குக் கடிதம் எழுதத் தாளும் எடுத்து வைத்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தத் தாளை அப்படியே வைத்திருந்தேன். அழுகை வந்தது, அதையும் சோப்புத் தண்ணீரோடு கழுவினேன்.

முட்டைமுகத்தாருக்குப் பேச்சு நன்றாக வரும். ஆனால் வந்தவர்கள் கேட்கிற கேள்விக்கு அது உதவவில்லை. தோல் உரிந்தால் சவரம் செய்யலாமா, வெயிலில் போனால் எரியுமா, தலையணை உறையை மாற்ற வேண்டுமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: தனக்கு ஒருநாளும் பரு வந்ததில்லை. கேட்டவர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சுற்றிவந்து பின்னறை யன்னலில் தட்டினார்கள். கணேசு தட்டினார். பட்டாளத்து சார்ஜன்ட் கூட ஒருநாள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு யன்னலுக்குக் கீழே நின்றார். நான் போத்தல் கழுவிக்கொண்டே பதில் சொன்னேன்.

பிறகு ஒருநாள் கொட்டாஞ்சேனை ரீச்சர் பஸ் மாறி வந்து சேர்ந்தார். தாடை தெளிந்துகொண்டு வந்திருந்தது. இந்த முறை டொக்டர் எழுதிய லோஷன் பலம் கூடினது, அதனால் எரியுமோ என்று கேட்டிருக்கிறார். எரியவே எரியாது என்றார் முட்டைமுகத்தார். ரீச்சர் அந்த இடத்திலேயே மூடியைத் திறந்து, விரலில் தொட்டுத் தன் தாடையில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்காமல் நேரே டொக்டரின் அறைக்குள் போனார். பின்னறையில் நான் குழாயைப் பூட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன்.

"டொக்டர், இந்தத் தம்பிக்கு எரியுமோ எரியாதோ தெரியாது. பின்னுக்கு நிக்கிற தம்பிக்குத் தெரியும். அவரை முன்னுக்கு விடுங்கோ, அதுவரைக்கும் நான் இந்தக் கதிரையிலை இருக்கிறன்."

மருந்தின் அளவு

ரீச்சர் கதிரையில் அதிக நேரம் இருக்க வேண்டி வரவில்லை. முட்டைமுகத்தார் வேறு உத்தியோகம் தேடிக்கொண்டார். சீமைச் சோப்புக் கொம்பனி ஒன்றில் நல்லாக வந்ததாகக் கேள்வி, அந்த முகத்துக்கு அது பொருத்தம்தான். டொக்டர் தட்டியைத் தன் கையாலேயே மடித்துச் சுவரோரம் வைத்தார். நான் முழு முகத்தோடு முன்னால் நின்றேன். வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு ஆறுதலாகக் கதிரையில் இருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்பாவுக்கு எடுத்துவைத்த தாளில் சுகமாக இருக்கிறேன் என்று எழுதிப் போட்டேன்.

ஆனால் பாருங்கள், மருந்து மருந்துதான். கை வைக்காமல் ஒழுங்காகப் பூசி வந்ததில் என் முகம் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே போனது. கடைசியில் மூக்குக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று மிச்சம். ஒருநாள் காலையில் டொக்டர் உள்ளே வரும்போது நின்றுவிட்டார். என் நாடியை யன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். முகத்தில் உண்மையான கவலை. வெளியே கிளாக்கர்மார் வரிசையில் நின்றார்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, இனிமேல் கொஞ்சம் குறைச்சுப் பூசும்."

அதன்பிறகு மருந்து கலக்கப் படித்து எடுத்த சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கறையான் தின்றுவிட்டது, கன்னத்தில் கிள்ளிவைத்த தழும்புகளை மட்டும் அது தொடாதபடியால் கடைசிவரை என் உத்தியோகம் பிழைத்தது.